ஆழம், வேகம், அப்புறம்தான் நிறம்: பெரும் ஏரிகளில் சால்மன் ட்ரோலிங் முழு வழிகாட்டி

ட்ரோலிங் என்றால் படகை மெதுவாக ஓட்டியபடியே இரையைப் பின்னால் இழுத்து மீன் பிடிப்பது. அமெரிக்கா, கனடா எல்லைப் பக்கம் இருக்கும் பெரும் ஏரிகளில் அதைச் செய்யும்போது முதல் சிக்கல் ஆழம்தான். மிச்சிகன் ஏரியின் மிக ஆழமான இடம் 923 அடி. ஒன்டாரியோ ஏரியில் 802 அடி. மீன் பிடிக்கப் போகும் இடங்களில் அவ்வளவு ஆழம் இருக்காதுதான். ஆனாலும் கோடையில் படகுக்குக் கீழே 150, 200 அடித் தண்ணீர் இருப்பது சர்வ சாதாரணம். அவ்வளவு தண்ணீரில் சால்மன் திரிவது எங்கோ நடுவில் ஒரு 20, 30 அடி அடுக்கில். உங்கள் இரை அந்த அடுக்குக்குக் கொஞ்சம் மேலே போனால் மீன் ஏறி வந்து பார்க்கும். கீழே போய்விட்டால் நாள் முழுக்க இழுத்தாலும் தூண்டில் ராடு அசையாது, ஏனென்றால் சால்மன் பெரும்பாலும் மேல்நோக்கிப் பார்த்துத்தான் வேட்டையாடும்.

புதிதாக வருகிறவர்கள் பெட்டி நிறைய ஸ்பூன் என்ற தகட்டு இரைகளை வாங்கிக்கொண்டு, பச்சையா நீலமா என்று மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். என் முதல் சீசனும் அப்படித்தான் போனது. இரை எத்தனை அடியில் போகிறது என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. முதலில் ஆழம், அடுத்து வேகம், அதன் பிறகு நிறம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

மீன் வந்த கதை, சுருக்கமாக

இந்த ஏரிகளில் சினூக், கோஹோ என்ற இரண்டு சால்மன் வகைகளுமே வந்தேறிகள். அட்லாண்டிக் பக்கமிருந்து கால்வாய்கள் வழியே நுழைந்த கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி, ஏரியின் சொந்த வேட்டை மீனான லேக் ட்ரௌட்டை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. தின்ன ஆள் இல்லாததால் ஏல்வைஃப் என்ற சின்ன வெள்ளி மீன் கட்டுக்கடங்காமல் பெருகியது. 1967இல் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து மிச்சிகன் ஏரியின் கரைகளில் ஒதுங்கின. மிச்சிகன் மாநில மீன்வளத் துறையில் இருந்த ஹோவர்ட் டானர், வெய்ன் டோடி இருவரும் அதற்கு முந்தைய ஆண்டே, 1966இல், பசிபிக் கரையிலிருந்து வந்த முட்டைகளில் வளர்த்த கோஹோ குஞ்சுகளை ஆறுகளில் விட்டிருந்தார்கள். 1967இல் சினூக்கும் சேர்ந்துகொண்டது.

மீன் பிடிப்பவருக்கு இந்தக் கதையால் என்ன லாபம் என்றால், சினூக்கின் சாப்பாடு ஏல்வைஃப்தான். ஹியூரான் ஏரியில் 2000களின் தொடக்கத்தில் ஏல்வைஃப் சரிந்தபோது சினூக்கும் கூடவே சரிந்தது. எனவே படகுக்குக் கீழே இருப்பதை ஒலியலையால் காட்டும் சோனார் திரையில், பெரிய மீன்களாகத் தெரியும் தனித்தனி வளைவுகளைத் தேடுவதற்கு முன்னால், மேகம் போல் திரண்டிருக்கும் சின்ன மீன் கூட்டத்தைத் தேடுங்கள். மேகம் இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் செலவழிப்பது வீண்.

முதல் வேலை: குளிர்ந்த தண்ணீரைக் கண்டுபிடிப்பது

சினூக் விரும்புவது சுமார் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ், பாரன்ஹீட்டில் 50 முதல் 55. கோஹோவும் ஏறக்குறைய அதே கணக்குதான், சற்று வெதுவெதுப்பு கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். லேக் ட்ரௌட் இன்னும் குளிரில், இன்னும் கீழே கிடக்கும்.

கோடையில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெயிலில் சூடான தண்ணீர், அடியில் 4 டிகிரியை ஒட்டிய கனமான குளிர்நீர். இரண்டுக்கும் நடுவே வெப்பம் சட்டென்று இறங்கும் பட்டைக்குத் தெர்மோகிளைன் என்று பெயர். சோனாரின் உணர்திறனைக் கூட்டி வைத்தால் அது மங்கலான கோடாகத் திரையிலேயே தெரியும். அந்தப் பட்டையின் மேல் விளிம்பிலிருந்து தொடங்குவது நல்லது. மத்தியான வெயிலில் பெரிய சினூக் பட்டைக்குக் கீழேயும் இறங்கிக் கிடக்கும், அதனால் ஒரு நரம்பை மட்டும் 20 அடி கூடுதலாக இறக்கி வையுங்கள்.

நேற்று 70 அடியில் இருந்த குளிர்நீர் இன்றும் அங்கேயே இருக்கும் என்று நம்ப முடியாது. கரையிலிருந்து ஏரியை நோக்கிப் பலமாகக் காற்று அடித்தால், மேலே உள்ள சூடான தண்ணீரை அது உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் ஏறிவரும். மிச்சிகன் ஏரியின் மேற்குப் பக்கமான விஸ்கான்சின் கரையில் மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் அடித்தால் ஜூலை மாதத்திலும் துறைக்குப் பக்கத்திலேயே கை விறைக்கும் தண்ணீர் கிடைக்கும். எதிர்க்கரையான மிச்சிகனில் அதே வேலையைக் கிழக்குக் காற்று செய்யும். அதனால் இன்றைய காற்றை மட்டும் பார்க்காமல், கடந்த மூன்று நாளும் எந்தப் பக்கம் அடித்தது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆழத்துக்கு இறக்கும் கருவிகள்

டவுன்ரிகர்தான் எல்லாவற்றிலும் நேர்மையானது. படகின் பின்புறம் பொருத்திய ஒரு ராட்டினம், அதில் எஃகுக் கம்பி, கம்பி முனையில் 10 முதல் 15 பவுண்டு ஈயக்குண்டு. குண்டுக்கு அருகே ஒரு கிளிப். தூண்டில் நரம்பை அந்தக் கிளிப்பில் கவ்வவிட்டு, குண்டை இறக்கினால் நரம்பும் கூடவே இறங்கும். மீன் கடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும், அதற்குப் பிறகு உங்களுக்கும் மீனுக்கும் நடுவே எந்தப் பாரமும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. டவுன்ரிகரில் இருக்கும் மீட்டர் காட்டுவது வெளியே போன கம்பியின் நீளத்தை. படகு ஓடும்போது குண்டு நேராகத் தொங்காமல் பின்பக்கம் சாயும், ஆழம் கூடக்கூடச் சாய்வும் கூடும். மீட்டர் 100 காட்டினால் குண்டு 100 அடியில் இல்லை, அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. ஆழமாக இழுக்கிறவர்கள் கனமான குண்டு வாங்குவது இதற்காகத்தான்.

டிப்சி டைவர் என்பது உள்ளங்கை அகல வட்டமான பிளாஸ்டிக் தட்டு. தண்ணீரில் இழுத்தால் தானே முங்கிப் போகும். அதன் அடித்தட்டில் 0 முதல் 3 வரை எண்கள் இருக்கும். 0இல் வைத்தால் நேர் கீழே போகும், 3இல் வைத்தால் படகிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போகும், ஆனால் ஆழம் குறையும். தோராயக் கணக்கு: 1இல் வைத்தால் விட்ட நரம்பில் ஏறக்குறைய பாதி ஆழம், 3இல் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு. நரம்பின் தடிமன், வேகம் எல்லாம் இதை மாற்றும் என்பதால் தட்டோடு வரும் அட்டவணையைப் படகில் ஒட்டிவையுங்கள். டவுன்ரிகர் வாங்கப் பணம் இல்லாதவர்கள் இரண்டு டிப்சியோடு தொடங்கலாம். என் கணக்கில், கொடுத்த காசுக்கு இதைவிட அதிகமாக மீன் பிடித்துத் தரும் சாமான் வேறு இல்லை.

லெட்கோர் என்பது நடுவில் ஈயக்கம்பி வைத்துப் பின்னிய நரம்பு. 10 கெஜத்துக்கு ஒரு தடவை நிறம் மாறும், ஆகவே எவ்வளவு விட்டிருக்கிறோம் என்று நிறத்தை எண்ணியே சொல்லிவிடலாம். ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி இறங்கும். செம்புக்கம்பி இன்னும் வேகமாக இறங்கும், 100 அடிக்கு 20 முதல் 25 அடி வரை. இவற்றைப் பிளேனர் போர்டு என்ற மிதக்கும் பலகையில் மாட்டிப் படகின் பக்கவாட்டில் 50, 100 அடி தள்ளி ஓடவிடலாம். படகுச் சத்தத்துக்கு ஒதுங்கிப் போகும் மீன் அங்கே மாட்டும். ஆனால் முதல் சில பயணங்களுக்குப் பலகை வேண்டாம். சிக்கலை அவிழ்ப்பதிலேயே நாள் போய்விடும்.

ராடு, ரீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டவுன்ரிகருக்கு எட்டரை அடி நீள, வளைந்து கொடுக்கும் ராடு. அதில் 20 முதல் 30 பவுண்டு மோனோ, அதாவது ஒற்றை இழை நரம்பு. டிப்சிக்கு 9, 10 அடி நீளக் கனமான ராடு. அதில் நீளாத பிரெய்ட், அதாவது பின்னல் நரம்பு, 30 முதல் 50 பவுண்டு. ரீல் எதுவானாலும் அடி எண்ணும் மீட்டர் உள்ளதாக வாங்குங்கள். மீன் கடித்த ராடை அதே நீளத்துக்குத் திரும்ப விட முடிய வேண்டும், அதற்குத்தான்.

இரைகள்

ஸ்பூன், ஃப்ளாஷரோடு ஃப்ளை, பிளக். இந்த மூன்றும் போதும்.

ஸ்பூன் என்பது மெல்லிய தகடு. அசையும்போது அடிபட்ட ஏல்வைஃப் போலத் தெரியும். ஃப்ளாஷர் என்பது 8 அங்குலம் அல்லது அதற்கும் நீளமான பளபளப்புத் தட்டு. சுற்றிச் சுற்றிப் போய், தொலைவில் இருக்கும் மீனைக் கூப்பிடுவது அதன் வேலை. கடிபடுவது அதற்குப் பின்னால் வரும் ஃப்ளை, அதாவது மினுங்கும் இழைக் குஞ்சம். ஃப்ளாஷருக்கும் ஃப்ளைக்கும் நடுவே 18 முதல் 24 அங்குலம் போதும். அந்த இடைவெளி கூடினால் ஃப்ளை சோம்பிவிடும், குறைந்தால் துள்ளும். மீன் பின்னால் வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறது என்று தோன்றினால் இடைவெளியை 2 அங்குலம் குறைத்துப் பாருங்கள். ஃப்ளைக்குப் பதில் ஹெர்ரிங் மீன் துண்டைத் தலைபோன்ற மூடியில் செருகி இழுப்பதும் உண்டு, மீட் ரிக் என்பார்கள். கடி மந்தமான நாட்களில் அது கைகொடுக்கும். பிளக் என்பது மீன் உருவில் செய்த இரை.

இப்போது நிறம். சிவப்பு நிறம் தண்ணீரில் முதலில் மறைந்துவிடும். பச்சையும் நீலமும் இன்னும் கீழே வரை எட்டும். இருட்டு விலகாத அதிகாலையில், வெளிச்சம் காட்டினால் ஒளிரும் பூச்சு கொண்ட ஸ்பூன். வெயில் ஏறிய பிறகு வெள்ளி, பச்சை, நீலம். வசந்த காலத்தில் மேல்மட்டத்தில் திரியும் கோஹோவுக்கு மட்டும் ஆரஞ்சும் சிவப்பும். இதற்கு மேல் நிறத்தைப் பற்றி யார் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும் பாதி நம்பிக்கைதான்.

தூண்டில் முள்ளை மட்டும் தினமும் பாருங்கள். கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்தால் முள் வழுக்காமல் குத்தி நிற்க வேண்டும். வழுக்கினால் அரத்தால் தீட்டுங்கள், இல்லை மாற்றிவிடுங்கள்.

நரம்புகளை இறக்கும் முறை

இரண்டு டவுன்ரிகர், இரண்டு டிப்சி, மொத்தம் நான்கு ராடு. இருவர் உள்ள படகுக்கு இது போதும். காற்றுக்கு முகம் காட்டாமல், அலை பின்னாலிருந்து வரும்படி படகை நேராக்கி, மணிக்கு 2.3 மைல் வேகத்தில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

1. இரையைக் கட்டியதும் படகின் ஓரத்தில் தண்ணீரில் விட்டுக் கண்ணால் பாருங்கள். ஸ்பூன் இடமும் வலமும் ஆடி, எப்போதாவது ஒரு குட்டிக்கரணம் போட வேண்டும். நிற்காமல் பம்பரம்போல் சுற்றினால் வேகம் அதிகம், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். அசையாமல் வந்தால் வேகம் போதாது. அரை நிமிட வேலைதான், ஆனால் பலரும் செய்வதில்லை.

2. டிப்சி இரண்டையும் முதலில் விடுங்கள். இடப்பக்க டிப்சியை இடம் 3, வலப்பக்க டிப்சியை வலம் 3 என்று வையுங்கள். டிப்சிக்குப் பின்னால் 6 முதல் 8 அடி தலைநரம்பு, அதன் முனையில் ஃப்ளாஷரும் ஃப்ளையும். ரீலை முழுதும் திறந்துவிடாதீர்கள், டிராகை, அதாவது ரீலின் பிடியை, தளர்த்தி மெதுவாகப் போகவிடுங்கள். சடாரென்று விட்டால் டிப்சி கவிழ்ந்து தலைநரம்போடு சிக்கிக்கொள்ளும். 120 அடி, 150 அடி என்று இரண்டுக்கும் வேறு வேறு நீளம்.

3. அடுத்து டவுன்ரிகர். ஸ்பூன் என்றால் 20, 30 அடி பின்னால் போகவிட்டுக் கிளிப்பில் மாட்டுங்கள், ஃப்ளாஷர் என்றால் 10 முதல் 20 அடி. குண்டை நிதானமாக இறக்குங்கள். ஒன்று தெர்மோகிளைனின் மேல் விளிம்பில், மற்றது 15, 20 அடி கீழே.

4. ராடை ஹோல்டரில் வைத்து, நுனி வில்லாக வளைந்து தண்ணீரைப் பார்க்கும்வரை ரீலைச் சுற்றி இறுக்குங்கள். கிளிப் விடுபட்டதும் அந்த வளைவு துள்ளி நிமிர்ந்து முள்ளைப் பதிக்கும். தளர்வாக விட்ட ராடில் மீன் கடித்துவிட்டுப் போனதுகூடத் தெரியாது.

5. விருப்பமிருந்தால் ஒரு சீட்டர் சேருங்கள். 6 அடி நரம்பின் ஒரு முனையில் ஸ்பூன், மறு முனையில் கொக்கிச் சுழலி. அதை இறங்கியிருக்கும் நரம்பில் மாட்டிவிட்டால் தானே வழுக்கிப் போய், குண்டுக்கும் மேல்மட்டத்துக்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கும். செலவில்லாமல் இன்னோர் ஆழத்தையும் துழாவியாயிற்று. சீட்டரில் மீன் மாட்டினால் முதலில் நரம்பு தொய்யும், மீன் போய்விட்டது என்று நினைத்துக் கைவிடாதீர்கள். வேகமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள், பாரம் வந்து சேரும்.

ஒருவருக்கு எத்தனை ராடு, ஒரு நரம்பில் எத்தனை இரை என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறு. மிச்சிகன் மாநிலத்தில் ஒருவருக்கு மூன்று ராடு. ஏரியின் எந்தப் பகுதியில் நிற்கிறீர்களோ அந்தப் பகுதியின் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வேகம்

சினூக்குக்கு மணிக்கு 2.2 முதல் 2.8 மைல். குளிர்ந்த வசந்தகாலத் தண்ணீரில் 2க்கு அருகே. ஜிபிஎஸ் காட்டுவது படகு நிலத்தைக் கடக்கும் வேகம் மட்டும்தான். 80 அடி ஆழத்தில் வேறு நீரோட்டம் இருக்கலாம். எதிரே ஓடினால் இரை கூடுதல் வேகத்தில் துள்ளும், பின்னாலிருந்து ஓடினால் செத்ததுபோல் தொங்கும். ஒரு திசையில் போகும்போது மட்டும் மீன் கிடைத்து, திரும்பி வரும்போது கிடைக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். குண்டின் அருகே மாட்டி, அங்கேயுள்ள வேகத்தையும் வெப்பத்தையும் மேலே அனுப்பும் ஃபிஷ் ஹாக் போன்ற கருவிகள் உண்டு. விலை அதிகம். இல்லாதவர்கள் டிப்சி ராடின் நுனியைப் பார்க்கலாம்: ஃப்ளாஷர் சரியாகச் சுற்றினால் நுனி நாடித்துடிப்புபோல் சீராக உதறிக்கொண்டிருக்கும்.

காசில்லாத இன்னொரு கருவி வளைவு. படகை இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்க இரைகள் வேகம் குறைந்து கீழே இறங்கும், வலப்பக்க இரைகள் வேகம் கூடி மேலே ஏறும். ஒரு ஆகஸ்ட் காலையில் மூன்று மணி நேரம் நேர்கோட்டில் ஓட்டிவிட்டு, வேறொரு படகுக்கு வழிவிட வலப்பக்கம் திருப்பினேன். இடப்பக்க டிப்சி உடனே வளைந்தது. மீனை ஏற்றிவிட்டு மறுபடி நேராகப் போனேன், ஒன்றுமில்லை. மறுபடி வலம் திருப்பினேன், மறுபடி அதே இடப்பக்க ராடு. அப்போதுதான் உறைத்தது: வெளிப்பக்க ராடு வேகம் கூடும்போது கடிக்கிறது, எனவே மீன் கேட்பது கூடுதல் வேகம். 2.2இலிருந்து 2.6க்கு ஏற்றியதும் நேர்கோட்டிலேயே கடி வந்தது. உள்பக்க ராடு கடித்தால் கதை தலைகீழ், வேகத்தைக் குறையுங்கள், அல்லது கொஞ்சம் ஆழமாக இறக்குங்கள். இதனால்தான் பழகியவர்கள் பாம்புபோல் நெளிந்தே ஓட்டுகிறார்கள். திருப்பம் மட்டும் அகலமாக இருக்கட்டும். வெடுக்கென்று திருப்பினால் டிப்சி நரம்பு டவுன்ரிகர் கம்பியில் போய்ச் சுற்றிக்கொள்ளும், பிரெய்ட் நரம்பென்றால் கத்தியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மீன் கடித்ததும்

படகை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மற்ற நரம்புகள் எல்லாம் தொய்ந்து சிக்கிவிடும், மாட்டிய மீனுக்கும் நரம்பு தொய்ந்து முள் கழன்றுவிடும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

பெரிய சினூக் முதல் ஓட்டத்திலேயே 200, 300 அடி நரம்பை உருவிக்கொண்டு போகும். போகட்டும். டிராகை இறுக்கும் ஆசைதான் பாதி மீனைத் தொலைக்கிறது. அது நின்றதும் ராடை மெதுவாக உயர்த்துங்கள், தாழ்த்தும்போது சுற்றுங்கள். டிப்சி என்றால் தட்டு ராடு நுனியை எட்டியதும் சுற்றுவதை நிறுத்த வேண்டும். பின்னால் இன்னும் 8 அடி தலைநரம்பும் ஃப்ளாஷரும் இருக்கும், ஆகவே ராடை உயர்த்தியபடியே படகில் பின்னோக்கி நடக்க வேண்டியதுதான். இதற்கு இடம் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக் கீழே கிடக்கும் சாமான்களை ஒதுக்கிவிடுங்கள்.

வலைக்காரர் மீனைத் துரத்தக் கூடாது. வலையைத் தண்ணீரில் வைத்துக் காத்திருக்க வேண்டும், ராடுக்காரர் மீனின் தலையை அதற்குள் கொண்டுவர வேண்டும். வாலைப் பார்த்து வலை போட்டால் மீன் முன்னால்தான் பாயும்.

பருவத்துக்குப் பருவம்

ஏப்ரல், மே மாதங்களில் மிச்சிகன் ஏரியின் தென்கோடிதான் முதலில் சூடாகும். கோஹோ அங்கே கரையோரம் மேல்மட்டத்தில் திரியும். ஃப்ளாஷர் போலவே மீனைக் கூப்பிடும் டாட்ஜர் என்ற தட்டு, சின்னதாக, ஆரஞ்சில், பின்னால் சின்ன ஃப்ளை, 20 அடிக்குள். தண்ணீர் தெளிவாக இருப்பதால் டவுன்ரிகரில் 60 அடிக்கு மேல் பின்னால் விடுங்கள். ஜூன், ஜூலையில் மேலே சொன்ன தெர்மோகிளைன் வேட்டை. ஆகஸ்ட் பாதிக்குப் பிறகு 3, 4 வயதுச் சினூக் தான் பிறந்த அல்லது விடப்பட்ட ஆற்று முகத்துவாரத்துக்குத் திரும்பி, 30 முதல் 80 அடித் தண்ணீரில் கூடும். அப்போது அதற்குப் பசி இல்லை, கோபத்தில்தான் கடிக்கும். பெரிய பிளக்கை ஃப்ளாஷர் இல்லாமல், விடிவதற்கு முன்னாலேயே ஓடவிடுங்கள். முட்டையிட்டதும் இவை செத்துவிடும். மிச்சிகன் மாநிலத்தின் சினூக் சாதனை மீன் 2021 ஆகஸ்டில் லடிங்டன் அருகே பிடிபட்டது, எடை 47.86 பவுண்டு.

கரைக்குத் திரும்புவதும் பயணத்தில் அடக்கம்

1967 செப்டம்பர் 23 அன்று, கோஹோ வந்துவிட்டது என்ற பரபரப்பில் நூற்றுக்கணக்கான சின்னப் படகுகள் மிச்சிகன் ஏரியின் பிளாட் விரிகுடாப் பக்கம் இறங்கியிருந்தன. எச்சரிக்கையை மீறிப் போனவர்கள் புயலில் மாட்டி, ஏழு பேர் இறந்தார்கள். ஏரி என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். உயிர்காப்பு உடுப்பு இருக்கைக்கு அடியில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். கோடையிலும் காற்றுத் திரும்பினால் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கும், அதில் விழுந்தவர் நீச்சல் வீரரானாலும் கைகால் சீக்கிரம் ஒத்துழைக்காது. படகின் விஎச்எஃப் ரேடியோவை, ஆபத்தில் உதவி கேட்கும் சேனலான 16இல் வையுங்கள்.

மீன் படகுக்குள் வந்ததும் செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட்டு ஐஸில் போடுங்கள். சமைக்கும்போது தோலையும், வயிற்றோரக் கொழுப்பையும், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் நீக்கிவிடுங்கள், பிசிபி போன்ற நச்சுகள் கொழுப்பில்தான் சேரும். மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒவ்வொரு மாநிலமும், ஒன்டாரியோ மாகாணமும் அளவு சொல்லியிருக்கின்றன. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது தனி. பெரிய மீனில் நச்சும் அதிகம் என்பதால், வீட்டுக்கு நான் கொண்டுபோவது பெரும்பாலும் சின்னக் கோஹோதான்.